பழைய லாரியின் யந்திரத்தில் எழும் சப்தமும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் பலருக்கு லாரியின் யந்திரம் மூடிய பெட்டிக்குள் இருக்கும் ரகசியமாகவே இருந்துவருகிறது. கடன் மனுவைப் பரிசீலனை செய்யவும், எருவின் தரத்தைப் பார்க்கவும், தராசில் கள்ளம் இருந்தால் கண்டுபிடிக்கவும் அறிந்தவர்கள்கூட, லாரியின் முன்மூடி திறக்கப்பட்டவுடன் இரண்டடி பின்வாங்கி நிற்பார்கள். பிறகு பட்டறைக்காரர் சொல்வதே தீர்ப்பு; அவர் எழுதிக் கொடுப்பதே மதிப்பு. அங்கத்தினர் எல்லோரும் மெக்கானிக்குகளாகிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் சங்கத்தின் பணத்தைச் செலவிட்டு யந்திரத்தைப் பிரிக்கலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு நிர்வாகக் கமிட்டியாருடையது. பழைய லாரி ஒன்றின் யந்திரத்தை முழுவதும் பிரித்து மராமத்துச் செய்ய ஆகும் செலவு, சில சமயங்களில் அந்த லாரியை விற்றால் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அத்தகைய செலவுக்குக் கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்கத் தெரிந்துகொள்வதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

பாடம் எளிதில் விளங்கும்பொருட்டு ஒரு லாரியைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம். லாரியும் சங்கமும் கற்பனையே. கூறப்படும் சோதனைகள் மட்டும் மெக்கானிக்குகள் நடைமுறையில் செய்துவரும் மெய்யான சோதனைகள்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமச் சங்கம் ஒன்றுக்கு ஒரு லாரி இருக்கிறது. 2000-ம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர் கொண்ட டீஸல் யந்திரம். எண்ணெயைப் பீச்சும் பம்பு பழைய மாதிரியைச் சேர்ந்தது, அதாவது பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் செல்லும். வாரத்தில் மூன்று நாட்கள் அங்கத்தினரின் கத்தரி, வெண்டை, கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் வந்து, விடியுமுன் நங்கநல்லூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும். நங்கநல்லூர் ஒரு காலத்தில் தனிக் கிராமம். பிறகு ஆலந்தூர் நகரசபையைச் சேர்ந்திருந்து, 2011-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வீடுகள் நெருங்கிய இடமாதலால் காய்கறிக்குக் கிராக்கி குறைவதில்லை.

ஒரு நாள் சரக்கை இறக்கிவிட்டு யந்திரத்தைத் திருப்பியபோது, அடிப்புறத்திலிருந்து "டொக், டொக்" என்று கனத்த சப்தம் ஒன்று கேட்கிறது. டிரைவர் இறங்கிக் கேட்கிறார். கிளீனர் பையனும் கேட்கிறான். "அண்ணே, நேத்து இல்லையே இது" என்கிறான். அருகிலுள்ள பட்டறையிலிருந்து வந்த மேஸ்திரி, நீண்ட திருப்புளி ஒன்றை ஆயில் சட்டியின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "பிக் எண்ட் பேரிங் போய்விட்டது, யந்திரத்தை இறக்கவேண்டும்" என்கிறார். செய்தி கிராமத்துக்குப் போகிறது. அவசரக் கமிட்டி கூடுகிறது. ஆயில் பார்க்காமல் ஓட்டினால்தான் பேரிங் போகும் என்று ஒருவர் எங்கோ கேட்டதை எடுத்துரைக்கிறார். பதினொரு வருஷமாக வண்டி ஓட்டும் டிரைவரின் சம்பளத்திலிருந்து செலவை மாதாமாதம் பிடிக்கலாம் என்று மற்றொருவர் பிரேரேபிக்கிறார். காரியதரிசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் பேனாவை மூடச் சொல்லுவதே இப்பாடத்தின் நோக்கம்.

மேஸ்திரி செய்த காரியம் தவறன்று. யந்திரத்தின் நோயைக் காதால் அறிவது பழைய வித்தை. 1816-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னெக் என்பவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. பட்டறையில் திருப்புளி செய்யும் வேலையும் அதுவே. சென்னை ராஜதானியிலும் இந்த வித்தைக்கு வயது அதிகம். 1903-ம் ஆண்டில் சிம்ப்ஸன் கம்பெனியில் ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் வண்டி ஒன்றை அமைத்தார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீட்டினால் பஸ்களும் லாரிகளும் கரி வாயுவைக் கொண்டு ஓடியபோது, டிரைவருக்கு யந்திரத்தின் குரலே கடிவாளமாக இருந்தது. 1948-ம் ஆண்டில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று; அதன் எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்தும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரின் டாட்டா தொழிற்சாலையிலிருந்தும் வந்த லாரிகளின் சப்தத்தைத் தெருமுனையிலிருந்தே பிரித்துச் சொல்லும் கிளீனர்கள் இருந்தார்கள்.

ஆனால் காதை மாத்திரம் நம்புவதில் ஓர் இடர் உண்டு. சப்தம் இரும்பின் வழியே வெகு வேகமாகவும் வெகு தூரமும் செல்லும். யந்திரத்தின் முன்கோடியில் ஆடும் ஒரு போல்ட்டின் அடி, கிராங்க் ஷாப்ட்டின் வழியாகச் சென்று ஆயில் சட்டியில் அதிரும். ஆயில் சட்டியோ மெல்லிய தகட்டால் ஆனது. தவுலின் தோலைப்போல எங்கிருந்து வரும் அடியையும் பெரிதாக்கிக் காட்டும். ஆகையால் சப்தம் அதிகமாகக் கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு என்பதை முதலில் மனத்தில் வைக்கவேண்டும். திருப்புளியை ஓரிடத்தில் ஊன்றிக் கேட்டது சோதனையின் ஆரம்பமே.

மற்றொன்றும் அறியத்தக்கது. டீஸல் யந்திரத்துக்குச் சப்தம் பிறவிக்குணம். ருடால்ப் டீஸல் 1897-ம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய யந்திரத்தின் தத்துவம் யாதெனில், காற்றை மிகவும் அழுத்தினால் அது சூடேறும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டியதில்லை. பற்றிக்கொள்வது திடீரென்று நிகழ்வதால் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல் எழுகிறது. ஆகவே "வண்டி தட்டுகிறது" என்பது முறையீடாகாது. முன் இல்லாத எந்தச் சப்தம், எப்போது, எந்த நிலையில் எழுகிறது என்பதே கேள்வி.

சோதனைக்குமுன் ஒரு தடை. யந்திரத்தை மறுபடி திருப்பிப் பார்ப்பதற்கு முன்பு ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பார்க்கவேண்டும். ஆயில் குறைந்திருந்தாலோ, திருப்பியபின் ஆயில் பிரஷர் முள் எழாவிட்டாலோ, உடனே நிறுத்திவிட வேண்டும். வேறு சோதனை வேண்டாம். பேரிங்குகளுக்கும் கிராங்க் ஷாப்ட்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றே. அது இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டத்தைப் பெருக்கும். "பட்டறைவரைக்கும் ஓட்டிவிடலாம்" என்று எண்ணி, பேரிங்கோடு போகவேண்டிய செலவைக் கிராங்க் ஷாப்ட்டுவரை இழுத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. கயிறு கட்டி இழுத்துச் செல்வதற்கு ஆகும் கூலி அதனோடு ஒப்பிட அற்பம்.

பழைய லாரியில் டிரைவருக்கு முன்னுள்ள பிரஷர் முள்ளை முற்றிலும் நம்புவதற்கில்லை. யந்திரத்தின் ஆயில் வழியில் தனியாக ஓர் அளவு கருவியை முறுக்கிப் பார்ப்பது எளிது. எந்தப் பட்டறையிலும் அது இருக்கும். யந்திரம் சூடான பிறகு, மெதுவாக ஓடும்போது எவ்வளவு, வேகமாக ஓடும்போது எவ்வளவு என்பதைக் குறித்து, உற்பத்தியாளர் புத்தகத்தில் கொடுத்துள்ள அளவோடு ஒப்பிடவேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் இடைவெளி அகன்று, சூட்டில் பிரஷர் இறங்கிக் காட்டும். இதனோடு சிறிது ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் பார்க்கலாம். தாமிர நிறமாகவோ வெள்ளி நிறமாகவோ மினுக்கும் தூள் இருந்தால் பேரிங்கின் உலோகம் உதிர்கிறது என்று கொள்ளலாம். காந்தத்தை வைத்துப் பார்த்து ஒன்றும் ஒட்டவில்லை என்று திருப்தியடைவது பிசகு. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், பேரிங்கின் மேற்பூச்சைப் பிடிக்காது.

கற்பனை லாரியில் ஆயில் நிறைந்திருக்கிறது. தனி அளவு கருவியில் பிரஷர் புத்தகத்திற்கு ஒத்திருக்கிறது. துணியில் கரி மாத்திரம் படிகிறது. கமிட்டியில் பேசியவரின் குற்றச்சாட்டு இங்கேயே பாதி விழுந்துவிட்டது. எனினும் சப்தம் இருக்கிறது.

அடுத்தபடி எழுதுவது. சப்தத்தைப் பற்றி டிரைவர் சொல்வதைக் காரியதரிசி ஒரு தாளில் எழுதவேண்டும். யந்திரம் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்பா? நின்று ஓடும்போதா, பாரம் இழுத்து மேடு ஏறும்போதா? வேகத்தைக் கூட்டிச் சட்டென்று காலை எடுக்கும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை பாதி வைத்தியம். குளிர்ச்சியில் பலமாகத் தட்டிச் சூடேறியதும் அடங்கினால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதுகிறது என்று ஊகிக்கலாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் அடங்குகிறது. பிக் எண்ட் பேரிங்கின் தட்டல் நடுத்தர வேகத்திலிருந்து காலை எடுக்கும் கணத்தில் நன்கு கேட்கும். மெயின் பேரிங் பாரம் இழுக்கும்போது ஆழ்ந்து இடிக்கும். டாப்பெட்டின் இடைவெளி அதிகமானால் "டிக் டிக்" என்று மேல்மூடியின் கீழ் லேசாகக் கேட்கும்; கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளை இயக்கும் தண்டு ஒரே சுற்றுத்தான் சுற்றுமாதலால், அதன் தாளமும் பாதி வேகமாக இருக்கும். நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடும் யந்திரத்தில் கிராங்கோடு சேர்ந்த சப்தம் விநாடிக்கு 10 அடி. வால்வுத் தண்டோடு சேர்ந்தது 5 அடி. எண்ண முடியாவிட்டாலும், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு நடையின் வேற்றுமை தெரிந்துவிடும்; ஆதி தாளத்தையும் அதன் துரித காலத்தையும் பிரித்தறிவது நம் நாட்டாருக்குப் புதிதன்று.

இவற்றைக் கேட்பதற்கு இடமும் வேளையும் வாய்க்கவேண்டும். நங்கநல்லூரில் பகலில் இது ஆகாது. மீனம்பாக்கத்து ஆகாய விமானங்கள் ஒருபுறம். 1931-ம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் பாதையில் பழவந்தாங்கல் நிலையத்து வண்டிகள் மற்றொரு புறம். இரவில் போக்குவரத்து அடங்கிய வேளையில், திறந்த வெளியில் லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்துக் கேட்கவேண்டும். மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. அதன் புகையிலுள்ள விஷவாயுவுக்கு மணமில்லை. கேட்பவர் தோள் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேஷ்டியை இறுக மடித்துக் கட்டிக்கொள்வது நலம். ஓடும் விசிறி மனிதரையும் துண்டையும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

நமது லாரியின் டிரைவர் சொல்லுவதாவது: குளிர்ந்தாலும் சூடானாலும் ஒன்றே, நின்று மெதுவாக ஓடும்போதுதான் பலம், சற்று வேகம் கொடுத்தால் அநேகமாக மறைகிறது, காலை எடுக்கும்போது விசேஷமாக ஒன்றுமில்லை. கவனித்துப் படித்தவர்களுக்கு இது பிக் எண்டின் வர்ணனைக்கு ஒத்துவரவில்லை என்பது புலப்படும். ஆயினும் ஒத்துவரவில்லை என்ற காரணத்தால் விட்டுவிடுவதற்கில்லை; சோதித்தே நீக்கவேண்டும்.

கருவி எதுவும் இன்றிச் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளை முதலில் முடித்துவிடலாம். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மாத்திரம் சப்தம் எழுந்தால், கிளட்சை விலக்கும் பேரிங்கைப் பார்க்கவேண்டும். மிதித்தவுடன் மறைந்தால் கியர்ப் பெட்டியின் முன் பேரிங்கைப் பார்க்கவேண்டும். காற்றுப் பிரேக் உள்ள லாரியில், காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர் என்னும் சிறு யந்திரம் பெரிய யந்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் பிஸ்டனும் பேரிங்கும் உண்டாதலால் அதுவும் தட்டும். தொட்டியில் காற்று நிறைந்தபின் அது பாரமின்றிச் சுற்றும். பிரேக்கைப் பல தடவை மிதித்துக் காற்றை இறக்கினால் மறுபடி பாரம் ஏற்கும். இவ்விரண்டு நிலைகளுக்கும் சப்தம் மாறுமானால், பெரிய யந்திரத்தைத் தொடவே வேண்டாம். இங்கே இரண்டிலும் மாறவில்லை.

இனிக் குழாய்ச் சோதனை. யந்திரம் மெதுவாக ஓடும்போது, ஒரு சிலிண்டருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் நட்டை ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால், எண்ணெய் வெளியே கசிந்து, அந்தச் சிலிண்டர் மாத்திரம் வேலை செய்யாது. அப்போது சப்தம் மறைந்தால் அல்லது வெகுவாகக் குறைந்தால், நோய் அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். இவ்வாறு ஆறையும் பார்க்கவேண்டும். இதைக் கைதேர்ந்த மெக்கானிக்கே செய்யவேண்டும். கமிட்டியார் பார்த்திருந்தால் போதும். நாஸிலில் எண்ணெய் பீச்சும் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. லாரி டயரிலுள்ள காற்றோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கும் மேல். அவ்வளவு வேகத்தில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தோன்றினாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. நட்டின்மேல் துணியைச் சுற்றி, கையை விலக்கி வைத்துச் செய்யவேண்டும். எல்லாக் குழாய்களுக்கும் பொதுவான அழுத்தக் குழாய் ஒன்றைக் கொண்ட புது மாதிரி லாரிகளில், காமன் ரெயில் என்பது அதன் பெயர், அழுத்தம் இதைப்போல் பல மடங்கு. அவற்றில் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக்கூடாது. அவற்றைச் சோதிக்க வேறு கருவிகள் உண்டு.

இந்தச் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. குழாயைத் தளர்த்தினால் சப்தம் மறைவது பேரிங் கெட்டிருந்தாலும் நிகழும், நாஸில் கெட்டு எண்ணெயைச் சரியாகத் தூவாமலிருந்தாலும் நிகழும். முன்னது பெரிய செலவு. பின்னது சிறிய செலவு. எது என்று அறிய, சந்தேகமுள்ள நாஸிலைக் கழற்றி அடுத்த சிலிண்டரின் நாஸிலோடு இடம் மாற்றி, புதுச் செப்பு வாஷர் போட்டு முறுக்கவேண்டும். சப்தமும் நாஸிலோடு கூடவே அடுத்த வீட்டுக்குக் குடிபோனால், குற்றவாளி நாஸிலே. பழைய இடத்திலேயே தங்கினால், பேரிங்கையோ பிஸ்டனையோ சந்தேகிக்கலாம். மெக்கானிக் இந்த இடமாற்றம் செய்துபார்த்தாரா என்று கமிட்டியார் கேட்பதில் அவருக்கு அவமரியாதை ஒன்றுமில்லை.

கற்பனை லாரியில் ஆறு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தாயிற்று. எதிலும் சப்தம் மறையவில்லை. யந்திரம் ஒரு சிலிண்டர் குறைந்து தள்ளாடும்போதெல்லாம் சப்தம் சற்று அதிகரிக்கவே செய்தது. மேஸ்திரி புருவத்தைச் சுருக்குகிறார். நேர்மையான மேஸ்திரியாதலால், "பிக் எண்டாக இருந்தால் ஒரு சிலிண்டரிலாவது அடங்கியிருக்கவேண்டும்" என்று தாமே சொல்லுகிறார். திருப்புளியை மறுபடி எடுத்து, இம்முறை யந்திரத்தின் பின்புறம், நடு, முன்புறம் என்று வரிசையாக ஊன்றிக் கேட்கிறார். முன்புற மூடியில் ஆயில் சட்டியைக் காட்டிலும் தெளிவாக இருக்கிறது.

முன்புறத்தில் இருப்பவை விசிறி, தண்ணீர்ப் பம்பு, பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர். இவற்றைப் பெல்ட்டு ஓட்டுகிறது. யந்திரத்தை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மாத்திரம் ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் சுற்றாதாகையால் அதற்கு மேல் கூடாது. இந்த ஒரு நிமிஷத்திற்குத் தயாராக எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். சப்தம் முற்றிலும் மறைந்தால், பெல்ட்டினால் ஓடும் பொருள்களில் ஒன்று கெட்டிருக்கிறது. சப்தம் சிறிதும் மாறாமலிருந்தால், நோய் யந்திரத்தின் உள்ளே இருக்கிறது. இங்கேயோ இரண்டும் நிகழவில்லை. சப்தம் மறையவில்லை, ஆனால் மாறிற்று. கனத்த "டொக்கு" போய், கூர்மையான கடகடப்பு வந்தது.

பெல்ட்டினால் ஓடும் பொருள்கள் இப்போது நின்றுவிட்டன; ஆகவே சப்தம் அவற்றினுடையதன்று. யந்திரத்தின் உள்ளே இருப்பவற்றுக்குப் பெல்ட்டைக் கழற்றியது தெரியாது. ஆகவே அவற்றின் சப்தம் மாறியிருக்கக் காரணமில்லை. பெல்ட்டைச் சுமப்பதும், பெல்ட்டு இல்லாதபோதும் யந்திரத்தோடு சுற்றுவதுமான பொருள் ஒன்றே ஒன்று: கிராங்க் ஷாப்ட்டின் முன்கோடியில் பொருத்தியுள்ள புல்லி என்னும் கப்பிச் சக்கரம். பெல்ட்டின் இழுப்பு அதை ஒருவாறு பிடித்து வைத்திருந்தது. இழுப்பு போனதும் ஆட்டத்தின் குணம் மாறிற்று. மெதுவாக ஓடும்போது மாத்திரம் பலமாகக் கேட்டதற்கும் விடை இதிலேயே கிடைக்கிறது. மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாப்ட் உதைத்துச் சுற்றி, அடுத்தது எரிவதற்குள் சற்றுத் தளர்கிறது. அந்த உதைப்பில் தளர்ந்த சக்கரம் முன்னும் பின்னும் மோதுகிறது. வேகம் கூடினால் உதைப்புகள் நெருங்கி ஓட்டம் சமமாகிவிடும்.

நிச்சயப்படுத்த ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கட்டி போதும். யந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்தின்மேலும் அதைத் தாங்கும் நடுக்குடத்தின்மேலும் சேர்ந்தாற்போல் நேர்கோடு ஒன்று போடவேண்டும். பிறகு சில நிமிஷம் ஓட்டி, நிறுத்திப் பார்க்கவேண்டும். கோடு கோடாகவே இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. இந்த லாரியில் கோடு நடுவே முறிந்து, ஒரு நெல்லின் பருமன் விலகி நிற்கிறது. கையால் பிடித்து அசைத்தால் சக்கரம் அசைகிறது. அதைக் குடத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்து, துளைகள் வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டன.

யந்திரத்தை இறக்கவேண்டியதில்லை. எனினும் இது அற்ப விஷயம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் பெரும் பிழையாகும். அந்த முன்கோடியில் கிராங்க் ஷாப்ட்டின் முறுக்கு அதிர்ச்சியை உறிஞ்சும் டாம்பர் என்னும் கனச்சக்கரமும் சேர்ந்திருக்கிறது. எஃகுத் தண்டாயினும், நெடுக முறுக்குண்டு அதிர்ந்துகொண்டே இருந்தால் களைப்படைந்து விரிசல் விடும். டாம்பர் சரிவர வேலை செய்யாத நிலையில் பாரத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்க் ஷாப்ட்டே ஒடியக்கூடும். அப்போது மேஸ்திரி முதலில் சொன்ன செலவைவிட அதிகமாகும்.

போல்ட்டுகள் ஏன் தளர்ந்தன? இதற்கு விடை யந்திரத்தில் இல்லை. சங்கத்தின் அலமாரியில் இருக்கிறது. காரியதரிசி பழைய ரிப்பேர்ப் பில்களைப் புரட்டுகிறார். ஐந்து மாதத்துக்குமுன், முன்புறத்தில் ஆயில் கசிந்ததற்காக ஸீல் மாற்றியதாக ஒரு பில் இருக்கிறது. அந்த ஸீலை மாற்றவேண்டுமானால் புல்லியைக் கழற்றியே தீரவேண்டும். பில்லில் ஸீலின் விலை இருக்கிறது, கூலி இருக்கிறது; புது லாக் வாஷர்களின் விலை இல்லை. பழைய வாஷர்களையே மறுபடி போட்டு, அளவு ஸ்பானரால் இறுக்காமல் கைப் பலத்தால் இறுக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமிருக்கிறது. பில்களை ஒழுங்காகக் கோத்து வைத்திராத சங்கத்தில் இந்தக் கேள்விக்கு விடையே கிடைத்திராது. பழி டிரைவரின் தலையிலேயே நின்றிருக்கும்.

ஆகவே சம்பளத்தில் பிடிக்கும் பிரேரணை மினிட் புத்தகத்தில் ஏறுவதில்லை. அதற்குப் பதிலாகக் கமிட்டியார் எழுதவேண்டிய தீர்மானம் மூன்று விஷயங்களைக் கொண்டிருக்கும். புதுப் புல்லியும், புது போல்ட்டுகளும் வாஷர்களும் வாங்கி, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு அளவு ஸ்பானரால் இறுக்கவேண்டியது. புல்லியைக் கழற்றியிருக்கும்போதே டாம்பரையும் கிராங்க் ஷாப்ட்டின் முன்கோடியையும் துடைத்து, ஆணிப்பள்ளத்தில் தேய்வோ விரிசலோ உண்டா என்று மேஸ்திரி காரியதரிசிக்கு நேரில் காட்டவேண்டியது. அவர் இரவில் வந்து செய்த சோதனைகளுக்கு உரிய கூலியைத் தனியாகக் கொடுக்கவேண்டியது. இந்தக் கடைசி அம்சத்தில் சிக்கனம் பிடிக்கும் சங்கங்கள் உண்டு. சோதனைக்குக் கூலி இல்லை, பிரித்தால்தான் கூலி என்றால் எந்தப் பட்டறைக்காரரும் பிரிக்கத்தான் சொல்லுவார், குற்றம் அவருடையதன்று.

மராமத்து முடிந்து லாரி ஓடத்தொடங்கியபின், புதுப் புல்லியின்மேலும் குடத்தின்மேலும் வெள்ளைப் பெயிண்ட்டால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைப்பது நல்லது. சுண்ணாம்புக் கோடு மழையில் கரையும், பெயிண்ட் நிற்கும். நங்கநல்லூரில் சரக்கை இறக்கி யந்திரத்தை நிறுத்தியபின், கிளீனர் பையன் ஆயிலும் தண்ணீரும் பார்க்கும்போது அந்தக் கோட்டையும் ஒருமுறை பார்த்து, லாரிப் புத்தகத்தில் தேதிக்கு நேரே "கோடு சரி" என்று எழுதி வைக்கலாம்.